சங்கிலி அறுந்த இடம்

கீழ்மருதங்குடி,
22-6-1969

வாழ்க தமிழ்!

அன்புத் தங்கை பாத்திமா மேரிக்கு,

அண்ணன் வேதநாயகம் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி விண்ணரசியும் சுகமாக இருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று என்று பேப்பரில் போட்டிருக்கிறான். எங்கள் கடைமடை வாய்க்காலில் இன்னும் தவளைகூட நனையவில்லை. மே மாதம் வந்திருந்தபோது கரகரவென்று பேசினாயே, தொண்டை சரியாகிவிட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காமல் படி. எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் சீர்காழிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு ஆள் போடவில்லை. தலைமையாசிரியர் என்ற பாவத்துக்கு ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் என் தலையில் விழுந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகத் தமிழும் கணக்கும் நடத்தியவன் நான்.

முதல் நாள் ஏ, பி, சி, டி எழுதிப்போட்டேன். முப்பத்துநாலு பிள்ளைகளும் அழகாகப் பார்த்து எழுதினார்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றால் மேலத்தெருப் பிள்ளைகள் கத்துகிறார்கள். கீழத்தெருப் பிள்ளைகள், அதாவது பண்ணை வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், மூச்சு விடுவதில்லை. மலர்கொடி என்று ஒரு பெண். கணக்கில் புலி. இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் தரையைப் பார்க்கிறாள். எனக்கே உள்ளுக்குள் உதறல் என்பது அதுகளுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

தஞ்சாவூரில் எட்டு வருஷமாக நீ இதைத்தானே செய்கிறாய். பெரிய தத்துவம் வேண்டாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்புக்குள் நுழைந்து நான் என்ன செய்வது என்று எழுது, போதும்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறிக்கப்போகும்,
அண்ணன் வேதநாயகம்

*

தஞ்சாவூர்,
3-7-1969

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேரியின் வணக்கம். நானும் என்னோடு விடுதியில் தங்கியிருக்கும் ராஜாத்தி டீச்சரும் நலம். அண்ணிக்கு என் முத்தம். கடிதத்தின் தலையில் 'வாழ்க தமிழ்' போட்டுவிட்டு அடியில் இங்கிலீஷ் கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தான். ராஜாத்திக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

தொண்டை அப்படியேதான் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன். பயமில்லை என்றார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் புத்தகத்தை மூடுங்கள். பிள்ளை முதலில் காதால் கேட்கிறது, அப்புறம் பேசுகிறது, எழுத்து அதற்கும் பிறகுதான். கையில் பிடிக்கிற சாமானாகக் கொண்டுபோங்கள். நெற்கதிர், அரிவாள், நண்டு. நண்டு உயிரோடு இருந்தால் இன்னும் விசேஷம். தூக்கிக் காட்டி, "திஸ் இஸ் எ க்ராப்" என்று மூன்று தடவை நீங்கள் சொல்லுங்கள். பிறகு வகுப்பு முழுக்க, பிறகு ஒரு வரிசை, கடைசியில்தான் ஒரு ஆள். கூச்சமுள்ள பிள்ளை கும்பலுக்குள் ஒளிந்துகொண்டு சொல்லிப் பழகட்டும்.

அப்புறம், நீங்கள் வேண்டுமென்றே தப்புச் செய்யுங்கள். "டச் யுவர் நோஸ்" என்று சொல்லிவிட்டுக் காதைத் தொடுங்கள். வாத்தியாரைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு இருக்கிற சந்தோஷம் மிட்டாயில்கூடக் கிடையாது. அவர்கள் தப்பாகச் சொன்னால் மட்டும் 'தப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். சரியானதை ஒரு தடவை சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள்.

ஒரு மாதம் போனதும் சங்கிலி ஆரம்பிக்கலாம். முதல் பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்கும். அது பதில் சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்கும். கடைசி ஆள்வரை அறுபடாமல் போக வேண்டும். நீங்கள் சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

நண்டு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
மேரி

*

கீழ்மருதங்குடி,
10-8-1969

என் அருமை மேரிக்கு,

இங்கு சகலரும் சௌக்கியம். வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்று விட்டாயிற்று. தொண்டைக்கு மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை மூன்றையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்கிறாள் உன் அண்ணி. குடித்தாயா என்று எழுத வேண்டும். இது அவள் உத்தரவு.

நண்டு கடித்தது. என்னைத்தான். நான் "ஐயோ" என்று கத்தியதும், முதல் முறையாகக் கீழத்தெருப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நண்டு பிடித்து வந்தவள் மலர்கொடிதான். பொந்துக்குள் கைவிட்டு எடுத்து வந்தாள். நான் கையை உதறுவதைப் பார்த்து அவளே எழுந்து வந்து, அதன் முதுகைப் பிடித்துத் தூக்கி, "திஸ் இஸ் எ க்ராப்" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள், மேரி. எனக்கு விரல் வலி மறந்துபோயிற்று.

மூக்கு, காது விளையாட்டு நன்றாக நடக்கிறது. சங்கிலிதான் ஓட மாட்டேன் என்கிறது. முதல் பிள்ளையில் ஆரம்பித்துப் பாதிவரை கடகடவென்று போகிறது. அப்புறம் அறுந்துவிடுகிறது. மறுபடி நான் போய்க் கேட்டால்தான் மீதி ஓடுகிறது. தினமும் இப்படித்தான். நாக்குத் திரும்பவில்லை என்று பத்து நாளாக அந்த ஒரு கேள்வியையே போட்டு அடித்துக்கொண்டிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

செப்டம்பர் எட்டாம் தேதி வழக்கம்போல வேளாங்கண்ணியில் பார்ப்போம்.

அண்ணன்

*

தஞ்சாவூர்,
24-8-1969

சேசு மரி சூசை

அன்பு அண்ணாவுக்கு,

நண்டுக் கடி ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு வர முடியாது. பள்ளியில் வேலை நெருக்கடி. அண்ணியை எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சங்கிலி தினமும் ஒரே இடத்தில் அறுகிறதா? அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார்? பிள்ளைகள் அவரவர் இஷ்டப்படி உட்கார்ந்தால் தெருத்தெருவாகத்தான் உட்கார்வார்கள். மேலத்தெரு முடிந்து கீழத்தெரு தொடங்குகிற இடத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் பெயர் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு நாக்கில் குறை ஒன்றும் இல்லை, அண்ணா. அத்தனை கணக்குப் போடுகிற உங்களுக்கு இது எப்படித் தட்டுப்படாமல் போயிற்று?

வருகைப் பதிவேட்டில் அகர வரிசை இருக்கிறதல்லவா? ஆண், பெண் சேர்த்து அந்த வரிசையில் உட்கார வையுங்கள். சர்க்கார் நோட்டில் இருக்கிற வரிசை என்று சொல்லிவிடலாம். கேள்வி போய் நின்றால் உடனே நீங்கள் குதிக்காதீர்கள். மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். நம்மால் பொறுக்க முடியாமல்தான் பாதிப் பிள்ளைகளின் பதிலை நாமே சொல்லிவிடுகிறோம்.

எல்லோரையும் ஜெபத்தில் நினைக்கும்,
மேரி

*

கீழ்மருதங்குடி,
15-9-1969

அன்பு மேரிக்கு,

நலம். வேளாங்கண்ணியில் நீ இல்லாமல் கடற்கரை எங்களுக்கு வெறிச்சென்றுதான் இருந்தது. உன் அண்ணி மெழுகில் செய்த தொண்டை ஒன்று வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைத்தாள். மெழுகு கை, மெழுகு கால் பார்த்திருக்கிறேன், தொண்டையும் விற்கிறார்கள் என்று இப்போதுதான் தெரியும். நான் கிண்டல் செய்தேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கஷாயம் குடித்தாயா என்பதற்கு நீ பதிலே எழுதவில்லை.

நீ சொன்னது நூற்றுக்கு நூறு. அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நீலமேகம், மிராசுதார் இராஜாங்கத்தின் மகன். அந்தப் பக்கம் மலர்கொடி. அவள் அப்பா அவர்கள் வயலில்தான் வேலை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன. பத்து நாள் நாக்கைத் திருத்திய என்னை என்னவென்று சொல்ல. பதிவேட்டுப்படி உட்கார வைத்தேன். அதிலும் நீலமேகத்துக்கு அடுத்தது மலர்கொடிதான்!

பெயர் கேட்பது அப்புறம் இருக்கட்டும் என்று, எழு, உட்கார், இங்கே வா என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் செய்யும் விளையாட்டை வைத்தேன். மலர்கொடியின் முறை வந்தது. "நீலமேகம், ஸ்டாண்ட் அப்" என்றாள். அவனும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றான். அவ்வளவுதான் நடந்தது.

அன்று சாயங்காலமே இராஜாங்கம் பள்ளிக்கு வந்துவிட்டார். நடவுக் கூலித் தகராறில் ஏற்கெனவே ஊர் கொதித்துக்கொண்டிருக்கிறது. "வாத்தியாரே, எந்தப் பாஷ வேணாலும் சொல்லிக் குடுங்க. பண்ணையாளு மவ எந்திரின்னா எம் மவன் எந்திரிக்கிற பாஷ எங்களுக்கு வேணாம்" என்றார். இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் பயந்துவிட்டேன் என்பதை உன்னிடம் ஒளிப்பானேன். மறுநாள் பிள்ளைகளைப் பழையபடி உட்கார விட்டுவிட்டேன். மலர்கொடி மறுபடி தரையைப் பார்க்கிறாள்.

என்ன செய்யலாம் என்று எழுது. தொண்டையைப் பற்றியும் எழுது.

அண்ணன்

*

(கார்டு)
கீழ்மருதங்குடி, 20-10-1969

மேரிக்கு, ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் அண்ணி சோறு இறங்காமல் இருக்கிறாள். என்னையும் சேர்த்துக்கொள். உடனே எழுது.
- வேதநாயகம்

*

தஞ்சாவூர்,
2-11-1969

சேசு மரி சூசை

அன்பு அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். நான் நலம். மழை நன்றாகப் பெய்கிறது. அண்ணியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

வாத்தியார் பேசாமலே பாடம் நடத்தலாம் என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறேன், அண்ணா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாம் பேசப்பேசப் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். நாம் நிறுத்திவிட்டால் அவர்கள்தான் பேசியாக வேண்டும். உள்ளங்கையை விரித்து வீசினால் எல்லோரும் சொல்ல வேண்டும். ஒரு விரலை நீட்டினால் ஒரு ஆள். காதருகே கையைக் குவித்தால் இன்னும் சத்தமாக. இதை முதலில் பழக்கிவிடுங்கள்.

வாக்கியத்துக்கு நம் விரல்களே போதும். ஒரு விரலுக்கு ஒரு வார்த்தை. "மை நேம் இஸ் மலர்கொடி" என்றால் நாலு விரல். அந்தப் பெண் ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் அந்த விரலை மட்டும் ஆட்டிக் காட்டுங்கள். தானே கண்டுபிடித்துப் போட்டுக்கொள்வாள். நாம் வாயால் திருத்தினால் ஒரு நிமிஷத்தில் மறந்துவிடுவாள். தானே போட்டுக்கொண்ட வார்த்தை போகாது.

உங்கள் ஊர்த் தகராறுக்கும் இதுதான் நல்லது. நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை என்றால், வாத்தியார் அதைச் சொல்ல வைத்தார், இதைச் சொல்ல வைத்தார் என்று யார் மனு எழுத முடியும்? பதிவேட்டு வரிசைக்கே திரும்பப் போங்கள். பயமாக இருந்தாலும் போங்கள். அந்தப் பெண்ணைத் தரையைப் பார்க்க விடாதீர்கள்.

உங்கள் தங்கை,
மேரி

*

தஞ்சாவூர்,
5-1-1970

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

மேரியோடு தங்கியிருக்கும் ராஜாத்தி எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். மேரிக்குத் தெரியாமல் எழுதுவதால் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மேரியின் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. செப்டம்பர் முதல் வாரம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, அந்த வகையில் பிழைத்தோம். ஆனால் அதிலிருந்து மேரிக்குக் குரல் வரவில்லை. காற்றுதான் வருகிறது. நரம்பு சோர்ந்திருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

அக்டோபர் முதல் அவள் கையால்தான் வகுப்பு நடத்துகிறாள். பிள்ளைகள் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் பேச முடியாத டீச்சர் எப்படி இங்கிலீஷ் நடத்துவார் என்று பெற்றவர்கள் இரண்டு மூன்று பேர் எங்கள் கன்னியர் மடப் பள்ளித் தலைவி மதரிடம் போய்க் கேட்டுவிட்டார்கள். பிப்ரவரியில் மதர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் ஜூனில் வேறு டீச்சர். மதரும் கெட்டவர் இல்லை, அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

இந்த வேலை போய்விட்டால் மேரி என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு எழுதும் கடிதங்களை மட்டும் அவள் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள். அதனால்தான் இத்தனை நாள் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
ராஜாத்தி

*

கீழ்மருதங்குடி,
25-1-1970

என் தங்கமே மேரி,

எனக்கு எல்லாம் தெரியும். ராஜாத்தியைத் திட்டாதே. அவள் கடிதம் வந்த அன்று நானும் உன் அண்ணியும் அடுப்பு மூட்டவில்லை. அன்றே பஸ் ஏறியிருப்பேன். இருபதாம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தாக்கீது வந்து கையைக் கட்டிவிட்டது. இராஜாங்கம் எழுதிய மனுதான் காரணம். கையில் ஏதாவது இல்லாமல் உன் முன்னால் வந்து நின்று அழுது என்ன பிரயோசனம் என்று இருந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் சம்பா அறுப்பு நின்றுபோயிற்று. கூலி பேசி முடியவில்லை. ஆற்றங்கரையில் போலீஸ் கூடாரம். கீழத்தெருப் பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கு வரவில்லை. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நான் கீழத்தெருவுக்குப் போனேன். மலர்கொடியின் அம்மாவிடம், "நாளைக்கு ஒரு நாள் அனுப்புங்கம்மா. என் தங்கச்சிக்காகக் கேக்குறேன்" என்று சொல்லி விவரத்தையும் சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். பிறகு வீடு வீடாக அவர்களே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை முப்பத்துநாலு பேரும் பள்ளியில் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில். இராஜாங்கம் ஜன்னலுக்கு வெளியே. நான் பதிவேட்டைக் கையில் தூக்கிக் காட்டினேன். நவம்பரிலிருந்து பழகியிருந்த பிள்ளைகள் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அப்புறம் பாடம் முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை. விரித்த கை, ஒரு விரல், குவித்த கை, நாலு விரல். நெற்கதிரைத் தூக்கினேன், அரிவாளைத் தூக்கினேன், ஒரு பிள்ளை "டச் யுவர் நோஸ்" என்றதும் வேண்டுமென்றே காதைத் தொட்டேன். பிள்ளைகள் இங்கிலீஷில் என்னைத் திருத்தித் தள்ளிவிட்டார்கள்.

கடைசியில் சங்கிலி. வழக்கம்போல நீலமேகத்திடம் வந்து நின்றது. அவன் ஜன்னலைப் பார்த்தான். நான் ஐந்து எண்ணினேன். மறுபடி ஐந்து எண்ணினேன். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு நாக்குத் துடிக்கிறது, பேசிவிடலாமா என்று. உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன். அவன் மெதுவாகத் திரும்பி மலர்கொடியைப் பார்த்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றான். அவள் நிமிர்ந்து, "மை நேம் இஸ் மலர்கொடி" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் திரும்பினாள். ஒரே ஊரில் பிறந்தவன், அவள் பெயரை அன்றைக்குத்தான் கேட்டான்.

இராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் மனசு மாறிவிட்டது என்று நான் கதை கட்டப்போவதில்லை. அறுப்பு இன்னும் நிற்கிறது.

வெளியே வந்து இன்ஸ்பெக்டர், "என்ன ஹெட்மாஸ்டர், தொண்டை சரியில்லையா?" என்று கேட்டார். "எனக்கில்லீங்க சார். என் தங்கச்சிக்கு" என்றேன். உன் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். பார்வையாளர் புத்தகத்தில் அவர் எழுதியது இது:

"பாட வேளை முழுவதும் ஆசிரியர் ஒரு சொல்லும் பேசவில்லை. முப்பத்துநான்கு மாணவர்களும் ஆங்கிலம் பேசினர். இம்முறை தஞ்சாவூர் ஆசிரியை செல்வி பாத்திமா மேரி அவர்களுடையது என அறிகிறேன். பிற ஆசிரியர்களும் காணத் தக்கது."

அவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த நகல் இத்துடன் இருக்கிறது. மதரிடம் கொடு.

உன் அண்ணியிடம் சொல்லாதே, போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக வேளாங்கண்ணி போய்விட்டு வந்தேன். மெழுகுத் தொண்டை வாங்கி வைத்தேன். இருந்ததில் பெரியதாகப் பார்த்து வாங்கினேன்.

உன் அண்ணன்

*

தஞ்சாவூர்,
14-2-1970

சேசு மரி சூசை

என் அண்ணாவுக்கு,

சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன். குரல் வரவில்லை. ஆனால் சுகம்.

சொன்னால் பள்ளியைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள் என்று மறைத்தேன். அது பாதி உண்மை. உங்களுக்கு எழுதுகிறபோது மட்டும் நான் பழைய மேரியாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும் என்று பயம். உங்கள் கடிதத்தில் தொண்டையைப் பற்றிய வரி வந்தால் அதைக் கையால் மறைத்துக்கொண்டுதான் படிப்பேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இன்ஸ்பெக்டரின் நகலை மதர் இரண்டு தடவை படித்தார். போன புதன்கிழமை, குறை சொன்ன பெற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்து பின்னால் உட்கார்ந்தார். முதலிலேயே ஒரு விரலுக்குப் பதில் உள்ளங்கையை விரித்துவிட்டேன். பிள்ளைகள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

சங்கிலி ஓடியது. ஐம்பது பிள்ளைகள், எங்கும் அறுபடவில்லை. கடைசிப் பெண்ணுக்கு அடுத்து ஆள் இல்லை அல்லவா, வழக்கமாக அங்கே நின்றுவிடும். அன்று அவள் எழுந்து என் பக்கம் திரும்பி, "வாட் இஸ் யுவர் நேம், டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். வேண்டுமென்று கேட்கவில்லை, பழக்க தோஷம். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. மதர் எழுந்துவிட்டார்.

பதில் சொல்ல நான் விரல்களை நீட்டினேன். முதல் விரலைத் தொடுவதற்குள் வகுப்பு முழுக்க எழுந்து நின்று, "மை நேம் இஸ் பாத்திமா மேரி" என்றது. எட்டு வருஷமாக நான் எப்படிச் சொல்வேனோ அதே மாதிரி, 'மேரி'யைக் கொஞ்சம் இழுத்து.

ஜூனிலும் நான்தான் இங்கிலீஷ் டீச்சர்.

மலர்கொடிக்கு என் அன்பு. அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு வருகிறேன். அண்ணியிடம் சொல்லுங்கள், அவர்கள் வைக்கிற கஷாயத்தை எதிரில் உட்கார்ந்து குடிக்கிறேன்.

உங்கள் தங்கை,
பாத்திமா மேரி